தொண்டைக்குப் பேரம்

மார்ச் 3, செவ்வாய்

விடிய நல்ல வெயில். கடலில் அசைவில்லை. இப்படியான நாளில் சந்தையில் மீன் குவிந்திருக்கும். நான் வீட்டில்.

மகள் தர்சினி பழைய கொப்பி ஒன்று தந்தாள். "கதைக்கிற ஆசை வந்தா இதில எழுதுங்கோ அப்பா." அவளுக்குப் பகிடி. மூச்சு விடுகிற நேரமெல்லாம் எனக்குக் கதைக்கிற ஆசைதான். மீன்சந்தையில் ஏலம் கூறிக் கூறியே தலை நரைத்தவன். இந்த வீட்டுக் கூரையும் இவளுடைய படிப்பும் இந்தத் தொண்டை போட்டது.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் சொன்னவை, மறக்காமல் இருக்க:

– குரல்வளையில் கட்டி. வெட்டிச் சோதித்ததில் புற்றுநோய்தான்.
– எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஸ்கான் வந்தால்தான் சொல்லுவார்கள். வருகிற செவ்வாய்.
– கதிர் (கதிர்ச்சிகிச்சை) பிடித்தால் போதுமாக இருக்கலாம். போதாவிட்டால் குரல்வளையை எடுக்க வேண்டி வரலாம்.
– அதுவரைக்கும் வாய் திறக்கக் கூடாது. குசுகுசுப்பதும் கூடாது.

எடுத்தால் பிறகு என்ன என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்க வாய் இல்லை. எழுதிக் கேட்கத் தைரியம் இல்லை.

மனைவி புவனம் (இனிப் பு., கை உளைகிறது) வந்து வந்து பார்க்கிறாள். "பசிக்குதோ?" தலையாட்டல். "தேத்தண்ணி?" தலையாட்டல். இவ்வளவு அடக்கமான புருஷனை அவள் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

சந்தையில் எனக்குப் பதில் என் உதவியாள் தவம் ஏலம் கூறுகிறானாம். அவனுக்கு ஆட்டுக்குட்டிக் குரல்.

மார்ச் 4, புதன்

தர்சினிக்கு (இனித் தர்.) ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் வேலை. பின்னேரம் வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கந்தோரில் யாரோ சொன்னார்களாம், புற்றுநோய்க்காரருக்கு என்றே ஒரு இணையத்தளம், தமிழிலும் இருக்கிறது. விபரத்தைக் கொடுத்தால் வருத்தம் என்ன, எந்த அளவு என்று விளக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும்.

அதன் தமிழ் ரேடியோச் செய்தி மாதிரி. 'அன்பான பயனரே.' என்னை அன்பான என்று கூப்பிட்ட முதல் ஆள்.

படம் போட்டுக் காட்டியது. குரல்வளை, அதற்குள் இரண்டு நாண்கள். கூப்பிடும்போது இரண்டும் சேர்ந்து அதிருமாம். இத்தனை காலம் அதை வைத்துப் பிழைத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் முகம் பார்த்தேன். பாவம், சின்னச் சாமான்.

பிறகு கேள்விகள். தர். வாசித்தாள், நான் விரலாலும் தலையாலும் பதில். வயது 59. குரல் அடைத்து எட்டு மாதம். விழுங்கச் சிரமம், ஓம். புகைப்பழக்கம்?

பு. குசினி வாசலில் நின்றாள். நான் கையைப் பின்னுக்கு வீசினேன், அது எப்போதோ போயிற்று என்கிற மாதிரி. "அப்பா விட்டுப் பத்து வருஷம்" என்று தர். தானே சொல்லித் தட்டினாள்.

முடிவில் ஒரு நிறப் பட்டை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. என் அம்புக்குறி செம்மஞ்சளில். கீழே எழுத்து: 'உங்கள் நிலையில் கதிர்ச்சிகிச்சை, அல்லது குரல்வளையை அகற்றும் சத்திரசிகிச்சை பற்றிப் பேசப்படலாம்.' அதற்கும் கீழே, இது வைத்திய ஆலோசனை அல்ல என்று பொடி எழுத்தில்.

தர். "நடுவிலதானே அப்பா நிக்குது" என்றாள். குரல் சரியில்லை அவளுக்கும்.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம். பு. கோயிலுக்கு. தர். லீவு, ஆனால் தலை இடி என்று படுத்துவிட்டாள். போன் என்னிடம்.

முதலில் ஐஸ் பெட்டி வேலை இருக்கிறது என்று தர்.க்கு எழுதிக் காட்டிவிட்டுச் சந்தைப் பக்கம் போனேன். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பீடி. நாளுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பத்து வருஷத்துக்கு முன்னம் விட்டது வீட்டில் மட்டும். இந்தக் கொப்பிக்குத் தெரிந்தால் எனக்கு என்ன குறைந்தா போகும்.

வந்திருந்து அந்தத் தளத்தைத் திறந்தேன். உண்மையைப் போட்டால் என்ன சொல்லுகிறது பார்ப்போம் என்று 'இப்போதும் புகைக்கிறேன்' என்பதைத் தட்டினேன். அம்பு சரசரவென்று போய்ச் சிவப்பில் நின்றது. எழுத்தும் மாறியது. உடனே மற்றதைத் தட்டித் திரும்பக் கொண்டுவந்தேன்.

பிறகுதான் யோசனை வந்தது. கரையில் முதல் சொல்லுகிற விலை விலையே இல்லை. படகுக்காரன் ஆயிரத்தில் தொடங்குவான், கொழும்பு வியாபாரி நானூற்றில் தொடங்குவான், இரண்டு பேருக்கும் தெரியும் எங்கே போய் முடியும் என்று. நடுவில் நின்று இழுக்கிறது என் தொழில். இந்தத் தளமும் ஒரு முதல் விலை சொல்லியிருக்கிறது. கேட்டவுடன் தலையாட்டி வாங்க நான் என்ன சுற்றுலாப் பயணியா?

குரல் அடைப்பு எட்டு மாதத்தை ஐந்தாக்கினேன். அம்பு அசைந்தது. ஆகா, இறங்கி வருகிறான். ஐந்தை இரண்டாக்கினேன். விழுங்கச் சிரமம் 'இல்லை'. (உண்மையில் சோறுதான் கொஞ்சம் இறுக்கம், கஞ்சி போகும். அப்போ முழுப் பொய்யும் இல்லை.) வயது 51. அங்கே கொஞ்சம் யோசித்தேன், பிறகு பரவாயில்லை என்று விட்டேன். பீடி, 'ஒருபோதும் இல்லை'.

அம்பு பச்சைக்குள் போய் இருந்தது. 'உங்கள் நிலையில் பெரும்பாலும் கதிர்ச்சிகிச்சை மட்டும் போதுமானதாக இருக்கும். குரலைப் பாதுகாக்கும் வாய்ப்பு அதிகம்.'

ஒரு மணித்தியாலப் பேரம். களைத்துப் போனேன். ஆனால் பெரிய சூரை மீன் ஒன்றை நல்ல விலைக்குத் தள்ளிவிட்ட சுகம். இன்று நித்திரை வரும்.

மார்ச் 7, சனி

நித்திரை வந்தது.

அந்தத் தளத்தில் இன்னொரு வசதி: வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எங்கள் விபரத்தோடு ஒரே பக்கத்தில் அச்செடுக்கலாம். கொமினிகேசன் கடைக்குப் போய் எடுத்தேன். பச்சைப் பட்டை நிறத்தோடு வடிவாக வந்திருக்கிறது. மடித்துச் சட்டைப் பைக்குள். சும்மா ஒரு கடதாசிதான், ஆனால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

பின்னேரம் ரபீக் நானா வந்தார். கிண்ணியா ஊர்க்காரர். என்னிடம் இத்தனை வருஷமாக மீன் எடுக்கிற வியாபாரி, என்னோடு இத்தனை வருஷமாகச் சண்டை பிடிக்கிறவர். நோன்பு நாள், தண்ணீர் வேண்டுமோ என்றுகூட அவரைக் கேட்கக் கூடாது. தூக்குப் போணியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார்.

"தம்பி யோகு, தவம் கூறுறதக் கேட்டா நோன்பாளிக்குக் கோவம் வருகுது. கெதியா வந்திரு."

கடதாசியை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். "அல்லாஹ் காவல்" என்று மட்டும் சொல்லிப் போனார். விலை பிடிக்காவிட்டால் அவர் இப்படித்தான் பேசாமல் எழும்பிப் போவார்.

கஞ்சி லேசாக இறங்கியது. இஞ்சி வாசம்.

மார்ச் 9, திங்கள்

காற்று. துணி காயவில்லை என்று பு. முறைப்பாடு.

செய்ய வேண்டியது: கிளினிக் கொப்பி, ஸ்கான் துண்டு, தண்ணீர்ப் போத்தல், சவரம். பல்லுக்குள் வெற்றிலைக் கறை, தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

பு. கேட்டாள்: "பயமா இருக்கோ?" இல்லை என்று தலையாட்டினேன். "எனக்கு இருக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக். விடியப் போயும் சனம். பு. கூட வந்தாள்.

புது டொக்டர். பெண்பிள்ளை, தர்சினியின் வயதுதான் இருக்கும். தமிழ் பேசுகிறவள், வேறு ஊர். ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். கழுத்தில் நெறி கட்டவில்லை, ஒரு நாண் கொஞ்சம் பாரமாக இருக்கிறது, ஆனால் அசைகிறது. கதிர் முயற்சிக்கலாம் என்றாள்.

முயற்சிக்கலாம்! சந்தோஷத்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டு என் கடதாசியை நீட்டினேன். என் பேரம் வென்றுவிட்டது என்ற திமிர். வேறொன்றும் இல்லை.

வாசித்தாள். கேள்விகள் நல்ல கேள்விகள் என்று மெச்சினாள். பிறகு பக்கத்தின் மேலே இருந்த விபரத்தைப் பார்த்தாள். கிளினிக் கொப்பியைப் புரட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"ஐயா, இந்தக் கடதாசியில இருக்கிறவர் ஆர்?"

நான் என்னைக் காட்டினேன்.

"இவருக்கு அம்பத்தொரு வயசு. பீடி தொட்டதே இல்லை. ரெண்டு மாசமாத்தான் தொண்டை அடைப்பு. இவருக்கு நான் சந்தோஷமா வைத்தியம் செய்வன். ஆனா அவர் இண்டைக்கு வரயில்லையே."

ஏசவில்லை. பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் பேனையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "கொப்பியில பீடி விட்டுப் பத்து வருஷம் எண்டு இருக்கு. கதிர் பிடிக்கிற நேரம் பத்திக்கொண்டிருந்தா அது வடிவா வேலை செய்யாது. பிறகு குரல்வளையை எடுக்கிறதைத் தவிர வேற வழி இல்லாமப் போகலாம். அதுதான் கேக்கிறன். இப்பவும் பத்துறீங்களோ?"

பக்கத்துக் கதிரையில் பு. மடியில் கைப்பை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

வாய் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பாதி வியாபாரம் வாயால்தான். எழுத்தில் சமாளிக்க வரவில்லை. 'ஓம். நாளுக்கு இரண்டு மூன்று' என்று எழுதினேன். பு.வும் வாசித்தாள்.

டொக்டர் தலையாட்டிக் கொப்பியில் திருத்தி எழுதினாள். "நன்றி ஐயா. இது உதவும்." இன்றைக்கே விடச் சொன்னாள். பத்தொன்பதாம் திகதி மட்டக்களப்புக்குப் போய்ப் பல்லைக் காட்டி, முகத்துக்கு அளவெடுத்து ஒரு மூடி செய்ய வேண்டுமாம், கதிர் பிடிக்கையில் தலை அசையாமல் இருக்க. பிறகு அங்கேயே தங்கிக் கிழமைக் கணக்கில் கதிர்.

பஸ்ஸில் பு. ஜன்னல் பக்கம். வெளியேதான் பார்த்தாள்.

மார்ச் 11, புதன்

வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் குரல் ஓய்வு.

சாப்பாடு மேசைக்கு வருகிறது. குழைத்த சோறு, மீன் சொதி, முள் எடுத்தபடி. ஆள் வரவில்லை.

சந்தையில் சிலர் பெட்டியின் மேல் தட்டுக்குப் புது மீனை அடுக்குவார்கள், அடியில் முந்தாநாள் மீன். அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எத்தனை பெட்டியை எல்லோருக்கும் முன்னால் கவிழ்த்துக் காட்டியிருக்கிறேன். விலையை எப்படியும் இழு, மீனில் விளையாடாதே என்று கத்தியிருக்கிறேன். இப்போது நானே என்னை அப்படி அடுக்கிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையின் மேசையில் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பீடி இல்லை. தலை விறைக்கிறது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

மார்ச் 12, வியாழன்

பு. கதைத்தாள். என் சேட்டு, சாரம் எல்லாம் தோய்த்துக்கொண்டிருந்தாள், நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். 'மன்னித்துக்கொள். உன்னிடம் மறைத்துவிட்டேன்' என்று எழுதிக் கொண்டுபோனேன்.

ஈரக் கையால் வாங்கி வாசித்தாள். மை கரைந்தது.

"மறைச்சதோ? உங்கட சேட்டைத் தோய்க்கிறது ஆர்?"

நான் வாயைப் பிளந்தேன்.

"பத்து வருஷமும் தெரியும். சந்தைக்குத் தெரியும், ரபீக் நானாவுக்குத் தெரியும். ஐஸ் பெட்டிக்குப் பின்னால புகை போனா ஆருக்குத் தெரியாது? நீங்கள் எனக்குச் சொல்லுற பொய்யை நான் கல்யாணம் கட்டின நாளில இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். அது எனக்கும் உங்களுக்கும். ஆனா உயிரைக் காப்பாத்த வந்த பிள்ளைக்கு ஏன் சொன்னனீங்கள்? அவள் அதை நம்பிக் கதிர் பிடிச்சு, அது சரிவராமப் போயிருந்தா? நான் ஆரைக் கேக்கிறது?"

அழுதுவிட்டாள். தோய்த்த சேட்டாலேயே முகத்தைத் துடைத்தாள்.

எழுதக் கடதாசி இல்லை. தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

பிறகு சேட்டைப் பிழிய ஒரு முனையை என்னிடம் தந்தாள். பிழிந்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

வெக்கை. மீன்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு போகிறான், உப்புவெளிப் பக்கத்து ஆள். குரல் பரவாயில்லை. வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், தொண்டையிலிருந்து எடுக்கிறான்.

பீடியை விட வழி என்ன என்று அந்தத் தளத்தைக் கேட்டேன். வாய்க்கு வேலை கொடுக்கச் சொன்னது. கறுவாப்பட்டை சப்புகிறேன். பு. குசினி டப்பாவைப் பூட்டி வைக்கப் போகிறாளாம்.

தர். பக்கத்தில் இருக்க, எல்லாவற்றையும் திரும்ப நிரப்பினேன். இந்தமுறை நானே தட்டினேன். 59. எட்டு மாதம். சிரமம், ஓம். புகை, 'அண்மையில் விட்டேன்'. அம்பு செம்மஞ்சளில், சிவப்புக்குக் கிட்ட. கை மாற்றச் சொல்லி அரித்தது. மாற்றவில்லை. தர். என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள், சின்னப்பிள்ளையில் வைக்கிற மாதிரி.

அது இப்போது பயனுள்ளதாகத்தான் பேசுகிறது. கதிர் பிடிக்கையில் வாய் காயும், தண்ணீர் அடிக்கடி. தோல் கறுக்கும், சவர அலகு ஆகாது. கடைசிக் கிழமைகளில் விழுங்குவது கஷ்டம், கஞ்சி நல்லது. 51 வயதுக்காரனுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. அவனுக்கு வாழ்த்துத்தான் சொன்னது.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். 'கதிருக்குப் பிறகு ஏலம் கூறலாமா?'

'அன்பான பயனரே, இது உங்கள் சிகிச்சைக் குழு மட்டுமே கூறக்கூடியது. பேச்சுச் சிகிச்சையாளரையும் கேளுங்கள்.'

தன் கடையில் இல்லாததை இல்லை என்கிறது. நல்ல வியாபாரி.

மார்ச் 17, செவ்வாய்

பயணச் சாமான். உடுக்கச் சாரம் நான்கு, தண்ணீர்ச் சுடுபோத்தல், பெரிய கழுத்துச் சட்டை (தளம் சொன்னது), கறுவாப்பட்டை. பு.வின் தங்கை ஈச்சிலம்பற்றில், பஸ் போகிற வழி. ரோட்டில் நின்று தயிர்ச் சட்டி தருவாளாம். பஸ் நிற்காது என்று எழுதினேன். "அவள் நிக்கப் பண்ணுவாள்" என்றாள் பு. உண்மை.

கிளினிக்கில் இருந்து தர்சினிக்கு அழைப்பு. மெதுவாகச் சில சொற்கள் கதைக்கலாமாம். கத்தக் கூடாது. குசுகுசுப்பதும் கூடாது, அது கத்துவதை விடக் கெடுதியாம்.

கன நாளுக்குப் பிறகு முதல் சொல். என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். "புவனம்" என்றேன். அரம் வைத்து இழுத்த மாதிரி வந்தது. குசினியிலிருந்து "என்ன?" என்றாள் எரிச்சலாக. பிறகு ஓடி வந்தாள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், சரி.

மார்ச் 19, வியாழன்

பஸ் எட்டரைக்கு. அதற்கு முதல் சந்தைக்குப் போனேன், பு.வும் தர்.உம் கூட. விடிந்தும் விடியாமலும். கடல் அமைதி. ஐஸ் பெட்டிப் பக்கம் பார்க்கவில்லை.

தவம் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான். "அண்ணை, ஒண்டு கூறிவிட்டுப் போங்கோ." நான் தொண்டையைக் காட்டினேன். ரபீக் நானா தரையில் கிடந்த பாரையைக் காட்டினார். பெரிய மீன், செவுள் சிவப்பு, கண் பளிச்.

"மெல்லமாக் கூறு தம்பி. நாங்க கிட்ட வாறம்."

வந்தார்கள். சந்தை முழுக்கக் கிட்ட வந்தது. இப்படி வாய் மூடி அவர்களை நான் கண்டதில்லை. ஐஸ் உருகிச் சொட்டுவது கேட்டது. தர். போனைத் தூக்கிப் பிடித்தாள், பதிய.

விலை கேட்டார்கள். விரலால் ஏற்றினேன். கடைசியில் நானாவின் விலையிலேயே வந்து நின்றது, அவர் விடவில்லை.

"ஒருதரம்" என்றேன். கரகரத்தது. ஆனால் கேட்டது.

"ரெண்டுதரம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது சொன்னால் விற்றாயிற்று. அதோடு ஏலமும் முடிந்துவிடும். என் வாய் திறந்து நின்றது. பிறகு மூடிவிட்டேன்.

நானா: "என்ன தம்பி, மூண்டாந்தரம் எங்க?"

கொப்பியை எடுத்தேன். 'அதை மட்டக்களப்பிலிருந்து திரும்பி வந்துதான் சொல்லுவேன்' என்று எழுதிக் காட்டினேன். தவம் உரக்க வாசித்தான்.

நானாவின் கண் கலங்கிவிட்டது. மறைக்கக் கத்தினார்: "அதுவரைக்கும் இந்தப் பாரை நாறிப்போகுமே தம்பி!"

ஐஸ் போடுங்கோ என்று எழுதினேன்.